அரிய தசைநோய்க்கான முதல்கட்ட மருந்தாய்வில் பங்கேற்ற அனுபவம்

எனக்கு ஜி.என்.இ. மயோபதி என்னும் மரபுவழித் தசைநோய் இருப்பது மரபணுப் பரிசோதனையில் உறுதியாகிச் சில ஆண்டுகள் கழித்து, அந்நோய்க்காக உருவாகிவரும் ஒரு வாய்வழி மருந்தின் முதல்கட்ட ஆய்வில் சேர்ந்தேன். மருந்தின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ இங்கே குறிப்பிடப் போவதில்லை. முடிவுகள் முறையாக வெளிவரும் முன் பங்கேற்பாளர் ஒருவர் "எனக்கு இப்படி இருந்தது" என்று எழுதினால், அதைப் படித்துவிட்டு வரும் அடுத்த பங்கேற்பாளர் அதே உணர்வைத் தன் உடலில் தேடத் தொடங்கிவிடுவார். ஆய்வு கெட்டுப்போக அதுவே போதும். ஆகவே மருந்து எனக்கு என்ன செய்தது என்பதை விட்டுவிட்டு, இத்தகைய ஆய்வு எப்படி நடக்கிறது, அதற்குள் நுழையும் தசைநோயாளி எவற்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜி.என்.இ. மரபணுவின் இரு பிரதிகளிலும், அதாவது தாய்வழி வந்ததிலும் தந்தைவழி வந்ததிலும், மாற்றம் இருப்பவர்களுக்கே இது வருகிறது. 10 லட்சம் பேரில் 1 முதல் 9 பேருக்கு இருக்கலாம் என்று கணிக்கப்படுகிறது. பெரும்பாலும் இருபதுகளில் அல்லது முப்பதுகளில் பாதத்தின் முன்பகுதியைத் தூக்கும் தசையில் தளர்ச்சி தொடங்கும். நடக்கும்போது கால்விரல் வாசற்படியில் தட்டும். பிறகு பின்தொடை, இடுப்பு, கைவிரல்கள், தோள் என்று பரவும். முன்தொடையின் பெரிய தசைகள் மட்டும் நெடுங்காலம் தப்பிவிடுகின்றன. அதனால் நாற்காலியிலிருந்து எழ முடிந்தவனுக்கு வண்டிக்குள் காலைத் தூக்கி வைக்க முடியாது என்ற விசித்திரமான நிலை ஏற்படும்; பார்ப்பவர்களுக்கு இதை விளக்குவது கடினம்.

இந்த மரபணு உருவாக்கும் நொதி, சியாலிக் அமிலம் என்னும் சர்க்கரை வகைப் பொருளை உடல் தயாரிக்கும் பாதையில் முதல் இரண்டு படிகளைச் செய்கிறது. நொதி பழுதுபட்டால் அமிலம் குறையும். அப்படியானால் அமிலத்தை வெளியிலிருந்து கொடுத்தால் போதாதா என்று யாருக்கும் தோன்றும். நோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு அதையும் அதன் முன்னோடிப் பொருளான மேன்னாக்கையும் கொடுத்த ஜப்பானிய ஆய்வாளர்கள், தசைச் சிதைவு தடுக்கப்பட்டதை 2009இல் வெளியிட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய நம்பிக்கையைத் தந்தது. ஆனால் மனித உடலில் தனிச் சியாலிக் அமிலம் சல்லடையில் ஊற்றிய தண்ணீரைப் போலச் சிறுநீரகம் வழியே வெளியேறிவிடுவதால், மெதுவாகக் கரையும் மாத்திரையாக அதை மாற்ற வேண்டியிருந்தது. இரண்டாம் கட்ட ஆய்வில் கைத்தசைகளின் தளர்ச்சி சற்று மெதுவானதுபோல் தெரிந்தது. 89 பேரை 48 வாரம் கவனித்த மூன்றாம் கட்ட ஆய்வில் மருந்துக்கும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரைக்கும் வேறுபாடு நிறுவப்படவில்லை என்று 2017இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் ஜப்பானில் தனியாக நடந்த ஆய்வுகளின் அடிப்படையில் அந்நாடு 2024இல் அதே பொருளுக்கு அனுமதி அளித்தது. ஒரே பொருளைப் பற்றி இரண்டு விதமான தீர்ப்புகள். தர்க்கம் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், எலியில் எவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தாலும், அது மருந்தாகிவிடாது என்பதை இந்த வரலாறு எனக்கு முன்கூட்டியே கற்றுக்கொடுத்திருந்தது. புதிதாகச் சேர விரும்புகிறவர்கள் தங்கள் நோய்க்கு இதுவரை முயன்று தோற்ற மருந்துகளின் கதையை முதலில் படித்துக்கொள்வது நல்லது. வெற்றிக் கதைகளைவிட அதில்தான் செய்தி அதிகம்.

முதல்கட்ட ஆய்வு என்பது சிகிச்சை அன்று. அந்த ஆய்வு கேட்பது மூன்று கேள்விகளை: இந்த அளவு மருந்தை மனித உடல் தாங்குகிறதா, இரத்தத்தில் எவ்வளவு ஏறி எவ்வளவு நேரம் நிற்கிறது, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் ஏதேனும் தெரிகிறதா. என் கால் வலுப்பெறுமா என்ற கேள்வி அந்தப் பட்டியலிலேயே இல்லை. மெதுவாக முற்றும் நோயில், சில நாட்களோ சில வாரங்களோ மருந்து எடுத்துக்கொண்டு அதற்கு விடை காணவும் முடியாது. இதை ஒப்புதல் படிவம் தெளிவாகவே சொல்கிறது. "தங்களுக்கு நேரடிப் பலன் எதிர்பார்க்கப்படவில்லை" என்ற பொருளில் ஒரு வாக்கியம் அதில் கட்டாயம் இருக்கும். எல்லோரும் அதைப் படிக்கிறோம், கையெழுத்திடுகிறோம், ஆனால் மனத்தின் ஏதோ ஒரு மூலையில் நாம் விதிவிலக்காக இருப்போம் என்று நினைக்கிறோம். அந்த நினைப்பு மனித இயல்புதான். அதன் அடிப்படையில் வேலையை விடுவதோ கடன் வாங்குவதோ திருமணத்தைத் தள்ளிப்போடுவதோதான் கூடாது.

சேர்க்கைக்கு முன் நடக்கும் தேர்வு பலரை வடிகட்டிவிடும். மரபணு அறிக்கையில் "பொருள் நிச்சயமற்ற மாற்றம்" (நோய்க்குக் காரணமா என்று உறுதியாகாத மரபணு மாற்றம்) என்று எழுதப்பட்டிருந்தால், நோய் அறிகுறிகள் அச்சுப் பிசகாமல் பொருந்தினாலும் அது மட்டும் போதாது. பெற்றோரையும் பரிசோதித்து, இரு மாற்றங்களும் வெவ்வேறு பிரதிகளில் இருக்கின்றனவா என்று காட்டச் சொல்லலாம். இதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால், ஆய்வு அறிவிப்பு வரும்வரை காத்திராமல் இப்போதே மரபணு ஆலோசகரைப் பார்த்து முடித்துவைப்பது புத்திசாலித்தனம். இன்னொன்று, துணை உணவுகள். எங்கள் நோய்க்காரர்களில் பலர் சியாலிக் அமிலம் இருக்கிறது என்று கேள்விப்பட்ட பொடிகளையும் மோர்ப்புரதப் பொடிகளையும் தாமாகவே வாங்கிச் சாப்பிடுவார்கள். ஆய்வுக் குழு கேட்கும்போது இதை மறைத்தால் இரத்த அளவுகள் முழுக்கப் பொய்யாகிவிடும். அவற்றை நிறுத்தி, உடலிலிருந்து வெளியேறக் குறித்த காலம் காத்திருந்த பிறகே சேர்ப்பார்கள். ஓர் ஆய்வு மருந்தை எடுத்தவர் அடுத்த ஆய்வில் சேரவும் இப்படிக் காத்திருக்க வேண்டும். மரபணுச் சிகிச்சை ஆய்வாக இருந்தால் நிலைமை இன்னும் கடுமையானது: மரபணுவைச் சுமந்து செல்லும் ஏ.ஏ.வி. போன்ற வைரஸ் வாகனத்தை ஒருமுறை உடலுக்குள் செலுத்திவிட்டால் அதற்கெதிரான எதிர்ப்புப் புரதங்கள் நிலைத்துவிடும். பின்னால் அதைவிடச் சிறந்த சிகிச்சை வந்தாலும் கதவு மூடியிருக்கலாம். எந்த ஆய்வில் முதலில் சேர்கிறோம் என்பது அதனால் சாதாரண முடிவு அன்று.

ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்க உரிமை உண்டு. நானும் அக்காவும் ஆளுக்கொரு வண்ணப் பேனாவை வைத்துக்கொண்டு அதைத் தனித்தனியாகப் படித்தோம். அவர் கோடிட்ட இடங்களும் நான் கோடிட்ட இடங்களும் பெரும்பாலும் வேறுவேறாக இருந்தன. நான் பக்கவிளைவுகளைப் பார்த்திருந்தேன். அவரோ பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, எவ்வளவு காலத்துக்கு, நிரந்தர ஊனத்துக்கு இழப்பீடு உண்டா, ஆய்வைப் பாதியில் நிறுவனமே நிறுத்தினால் என்ன ஆகும் என்பவற்றைப் பார்த்திருந்தார். இவற்றை எழுதி எடுத்துப் போய், ஆய்வு மருத்துவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டோம். சிலவற்றுக்கு உடனே பதில் வந்தது. சிலவற்றை நெறிமுறைக் குழுவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார், சொன்னபடி செய்தார். கேள்வி கேட்பவரை விரும்பாத ஆய்வுக் குழுவில் சேராதிருப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. கருத்தடை பற்றிய பகுதியும் முக்கியமானது: ஆய்வுக் காலத்திலும் அது முடிந்து குறிப்பிட்ட காலம்வரையிலும் கருத்தரிப்பதையோ, ஆண்களானால் கருத்தரிக்கச் செய்வதையோ தவிர்க்கச் சொல்வார்கள். எங்கள் நோய் தொடங்கும் வயதும் குழந்தை பெறும் வயதும் ஒன்றே என்பதால், குடும்பத்தில் இருவரும் கலந்து பேசாமல் கையெழுத்திடக் கூடாது. காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது பங்கேற்பாளரின் உரிமை. ஆனால் விலகிய பிறகும் பாதுகாப்புக்காகச் சில பரிசோதனைகளுக்கு வரச் சொல்வார்கள். வருவது நம் நன்மைக்குத்தான்.

மருந்து கொடுக்கும் முறையில் ஒரு பழைய விபத்தின் நிழல் இருக்கிறது. 2006 மார்ச்சில் இலண்டனில், டி.ஜி.என். 1412 என்ற எதிர்ப்புப் புரத மருந்தை ஆறு ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குச் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்துச் செலுத்தினார்கள். ஆறு பேருக்குமே பல உறுப்புகள் செயலிழக்கும் நிலை வந்தது; எல்லோரும் பிழைத்தார்கள், ஆனால் கடும் விலை கொடுத்து. விலங்குகளில் பாதுகாப்பாக இருந்த அளவில் 500இல் ஒரு பங்குதான் அவர்களுக்குத் தரப்பட்டிருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு அளவிலும் ஓரிருவருக்கு மட்டும் முதலில் கொடுத்து, காத்திருந்து, பிறகே மற்றவர்களுக்குக் கொடுக்கும் வழக்கம் உறுதிப்பட்டது. எங்கள் ஆய்விலும் அப்படியே. ஒரு குழுவின் விவரங்களைப் பாதுகாப்புக் குழு பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அடுத்த குழுவுக்கு அளவு உயரும். இதனால் நம் முறை தள்ளிப்போகலாம். "அடுத்த மாதம்" என்றது அதற்கடுத்த பருவமாகலாம். அப்படித் தள்ளிப்போகும்போது எரிச்சல் வந்தாலும், யாரோ நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே அறிகுறி. எந்த அளவுக் குழுவில் இருக்கிறோம் என்பதும் முக்கியம். முதல் குழுவினர் பெறும் அளவு, பெரும்பாலும் எந்தப் பலனும் தர இயலாத அளவுக்குச் சிறியது. பின் வருபவர்களுக்குப் பலன் தரும் அளவு கிடைக்கலாம், ஆனால் ஆபத்தின் எல்லையும் அங்கேதான் இருக்கிறது.

மருந்து கொடுக்கும் நாள் நீண்டது. இரவிலிருந்து பட்டினி. காலையில் இரத்தம் எடுக்க வசதியாக முன்கை நரம்பில் ஒரு கேனுலா, அதாவது மெல்லிய குழாய், பொருத்தி, மருந்துக்கு முன் ஒரு குழாய் இரத்தம் எடுப்பார்கள். விழுங்கிய நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும்: கால் மணி, அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி என்று தொடங்கி மறுநாள் காலைவரை இரத்தம் எடுப்பார்கள். ஒருமுறை நான் கழிப்பறையில் இருந்தபோது நேரம் நெருங்கிவிட்டது. செவிலியர் கதவுக்கு வெளியே நின்று, "அண்ணா, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு, அவசரப்படாம வாங்க, விழுந்துடாதீங்க" என்றார். அவசரப்பட்டு நடப்பதுதான் எங்களுக்கு ஆபத்து என்பதை அவர் அறிந்திருந்தார். ஓரிரு நிமிடம் பிந்தினால் பிந்திய நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். குழாய்மீது எழுதப்படும் உண்மையான நேரமே முக்கியம். வார்டுக்குப் போகும் முன்பே கட்டிலின் உயரம், கழிப்பறை இருக்கையின் உயரம், கைப்பிடி, வாசற்படி ஆகியவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல்கட்ட ஆய்வு வார்டுகள் பொதுவாக ஆரோக்கியமான இளைஞர்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை.

தசைநோயாளிகள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஒன்றை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எந்த மருந்தாய்விலும் கல்லீரல் பாதுகாப்பைக் கண்காணிக்க ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. ஆகிய நொதிகளைப் பார்ப்பார்கள். இவை கல்லீரலில் மட்டுமின்றித் தசையிலும் இருக்கின்றன. தசை சிதையும் நோய் உள்ளவர்களுக்கு, கல்லீரலில் ஒரு குறையும் இல்லாமலே இவை உயர்ந்திருக்கலாம்; டுஷேன் என்னும் கடுமையான தசைச்சிதைவு நோய் உள்ள சிறுவர்களில் இது மிக அதிகம். அதனால் தசைக்குத் தொடர்பற்ற ஜி.ஜி.டி., பிலிருபின் ஆகியவற்றையும், தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. அளவையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை புரியும். சிறுநீரகத்துக்கு இதன் மறுபக்கம்: சிறுநீரகத்தின் நிலையை அறிய அளக்கும் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது, தசை குறைந்தவருக்கு அது எப்போதும் குறைவாகவே இருக்கும், சிறுநீரகம் பழுதானாலும் "இயல்பு" என்றே காட்டக்கூடும். சிஸ்டாட்டின் சி என்ற பொருளை அளந்தால் இந்தக் குழப்பம் இல்லை. நல்ல ஆய்வுத் திட்டங்களில் இவையெல்லாம் எழுதப்பட்டிருக்கும். ஆனால் நள்ளிரவில் அறிக்கையைப் பார்க்கும் பணிமுறை மருத்துவருக்கு நம் நோய் புதிதாக இருக்கலாம். ஆய்வுக்கு முந்தைய என் பழைய அளவுகளை ஒரே தாளில் வரிசையாக எழுதிக் கையில் வைத்திருந்தேன்; ஒருமுறை அந்தத் தாள்தான் தேவையற்ற பரபரப்பைத் தடுத்தது. சேர்வதற்கு முந்தைய நாட்களில் கடினமான உடற்பயிற்சி செய்தாலும் சி.கே. ஏறிவிடும். பரிசோதனை நாளில் இரத்தத்தை முதலில் எடுத்துவிட்டு, வலிமைச் சோதனைகளைப் பிறகு செய்யச் சொல்வதற்குக் காரணமும் அதுதான்.

தசைத் திசு மாதிரி எடுப்பதைப் பற்றிப் பயந்தவர்கள் பலர். உணர்விழப்பு ஊசி போட்ட பிறகு வலியைவிட ஒரு விநோதமான இழுப்புத்தான் தெரியும். உண்மையான சிக்கல் வேறு: முழுதும் கொழுப்பாகிவிட்ட தசையில் எடுத்தால் மருந்து போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கத் தசையே இருக்காது, நன்றாக இருக்கும் தசையில் எடுத்தால் நோயே தெரியாது. எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து இடைப்பட்ட நிலையில் இருக்கும் தசையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எத்தனை முறை எடுப்பார்கள், எந்தத் தசையில், அத்தசையை நாம் அன்றாடம் எதற்கு நம்பியிருக்கிறோம் என்பதைக் கேட்டுவிட வேண்டும். இருக்கும் கொஞ்சத் தசையைக் கொடுப்பதற்குத் தயக்கம் காட்டுவது கோழைத்தனம் அன்று.

வலிமைச் சோதனையில் பிசியோதெரபிஸ்ட் ஒரு டைனமோமீட்டரை, அதாவது தசை வலிமையை அளக்கும் கருவியை, என் முன்கையில் வைத்து, "தள்ளுங்கள், தள்ளுங்கள், விடாதீர்கள்" என்று ஒவ்வொரு முறையும் அதே சொற்களை அதே குரலில் சொல்வார். அதில் பொருளுண்டு: உற்சாகப்படுத்தும் விதம் மாறினாலே எண் மாறும். அதே மனிதர், அதே நேரம், அதே காலணி, அதே கணுக்கால் தாங்கி என்று எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்திருப்பது நம் பொறுப்பும்தான். முதல் இரண்டு முறைகளில் எண் கூடினால் மகிழ்ந்துவிடக் கூடாது. சோதனையைச் செய்யப் பழகியதன் விளைவு அதில் கலந்திருக்கும்.

வீட்டில் எடுத்துக்கொள்ள வேண்டிய மருந்து குழந்தைகளால் திறக்க முடியாத மூடி போட்ட புட்டியில் வந்தது. அழுத்திக்கொண்டே திருக வேண்டிய அந்த மூடியை விரல் வலிமை இழந்த எங்களாலும் திறக்க முடியாது என்று யாருக்கும் தோன்றவில்லை. தட்டிலிருந்து நழுவும் புட்டியை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு உள்ளங்கையால் அழுத்திப் பார்த்து, கடைசியில் அக்காவை எழுப்ப வேண்டியிருந்தது. ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னதும் வேறு மூடி வந்தது. மருந்தைத் திறந்து தருபவர் யார் என்று எழுத நாட்குறிப்பில் ஒரு இடமும் சேர்த்தார்கள். இதுபோன்ற குறைகளைச் சொல்வதும் ஆய்வுக்கு நாம் தரும் பங்களிப்புதான்.

அந்த நாட்குறிப்பில் எல்லாவற்றையும் எழுத வேண்டும்: தலைவலி, சளி, வயிற்றுப்போக்கு, தடுக்கி விழுந்தது. விழுவது எனக்குப் புதிதன்று என்பதற்காக எழுதாமல் விட்டால், மருந்து விழுவதைக் கூட்டுகிறதா என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாமல் போகும். "இது மருந்தால் இல்லை" என்று தீர்மானிப்பது நம் வேலை அன்று.

எல்லாவற்றிலும் கடினமானது என் உடலை நானே ஓயாமல் கவனித்துக்கொண்டிருந்ததுதான். அம்மா தொலைபேசியில் தினமும், "மருந்து கேக்குதா தம்பி?" என்பார். வெற்று மாத்திரையாகவும் இருக்கலாம் என்று விளக்கினால், "உனக்கு அப்படிக் கொடுக்க மாட்டாங்க" என்று அவரே முடிவு செய்துவிடுவார். ஒரு நாள் படியேறுவது எளிதாக இருந்தால் மருந்தின் வெற்றி, மறுநாள் கால் கனத்தால் தோல்வி என்று மனம் கணக்குப் போடும். ஆறு மாதத்துக்கு முன்பும் அப்படி நல்ல நாட்களும் கெட்ட நாட்களும் இருந்தன என்பதை நினைவூட்ட, ஆய்வுக்கு முன்பே நான் எழுதி வைத்திருந்த குறிப்புகள் உதவின. வீட்டாரிடம் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: மருந்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசலாம். அம்மா அதைப் பெரும்பாலும் கடைப்பிடிக்கவில்லை.

ஆய்வு முடிந்ததும் மருந்தும் நிற்கும். தொடர்ந்து மருந்து தரும் நீட்டிப்பு உண்டா என்பது கையெழுத்திடும் முன் கேட்க வேண்டிய கேள்வி. "பரிசீலனையில் உள்ளது" என்பது "இல்லை" என்றே எடுத்துக்கொள்ளத்தக்கது. மருந்து நன்றாக இருந்தும் பணமில்லாமல் திட்டத்தையே கைவிடும் நிறுவனங்கள் உண்டு. நம்முடைய எம்.ஆர்.ஐ. படங்கள், இரத்த அறிக்கைகள், வலிமை அளவுகள் ஆகியவற்றின் பிரதிகளை எப்போது தருவார்கள் என்றும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பது மறைவிலிருக்கும்வரை சிலவற்றைத் தரமாட்டார்கள், அது நியாயமே. மீதமுள்ள இரத்தத்தையும் திசுவையும் பிற ஆய்வுகளுக்குப் பயன்படுத்தத் தனிச் சம்மதம் கேட்பார்கள். நான் சம்மதித்தேன், ஆனால் மரபணுத் தகவல் உடன்பிறந்தவர்களையும் தொடுவது என்பதால் அவர்களிடம் சொல்லிவிட்டே கையெழுத்திட்டேன். எந்த ஆய்விலும் இடம் கிடைக்காதவர்கள்கூட நோயாளர் பதிவேட்டில் சேர்ந்து, ஆண்டுதோறும் தங்கள் நிலையைப் புதுப்பித்து வரலாம். நோய் தானாக எவ்வளவு வேகத்தில் முற்றுகிறது என்பதை அந்த விவரங்களிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். அடுத்த ஆய்வுக்கு ஆள் தேடும்போது முதலில் பார்க்கப்படுவதும் அந்தப் பதிவேடுதான். அதில் மாறிய தொலைபேசி எண்ணைத் திருத்தாமல் விட்டவரை, அவர் எல்லாத் தகுதிகளும் உடையவராக இருந்தாலும், யாராலும் அழைக்க முடியாது.